கயத்தாற்றுக்கு எத்தனை கட்டம்?

‘கயத்தாறு’ என்ற சொல்லின் நீளம் என்ன? மூன்றாம் வகுப்புப் பிள்ளை க, ய, த், தா, று என்று விரல் மடக்கி, ஐந்து என்று சொல்லிவிடும். அதே சொல்லைக் கணினியின் கமாண்ட் லைன் ஜன்னலில் கொடுத்து, எண்ணுவதற்கென்றே இருக்கும் ‘டபிள்யூசி’ என்ற கருவியிடம் கேட்டால் 24 என்கிறது. பைட்டை விடு, குறியை எண்ணு என்றால் 8 என்கிறது. திரையில் எவ்வளவு இடம் அடைக்கும் என்றால் 7. நாலு விடை, நாலும் சரி. (வரி முடிவுக் குறியையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் 24க்குப் பதில் 25, 8க்குப் பதில் 9 வரும். எண்ணுகிற கருவிகளுக்கு இந்தக் கறார் உண்டு.)

இந்த நாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால்தான் அந்த ஜன்னலில், அதாவது டெர்மினலில், தமிழ் அடித்தால் கர்சர் ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கிறது. ஊர்ப்பெயர்களை அட்டவணையாகப் போட்டால் நெடுவரிசை கோணுகிறது. கமாண்ட் லைன் ஜன்னலைத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்வது பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் நிறம், எழுத்துரு, ப்ராம்ட் என்று சொல்லி முடித்துக்கொள்ளும். தமிழில் வேலை செய்கிறவருக்கு அதற்குப் பிறகுதான் சங்கதியே ஆரம்பிக்கிறது.

கயத்தாற்றை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் அங்கே தூக்கிலிடப்பட்டது அல்ல. அந்தப் பெயரில் புள்ளி, கால், உகரம் மூன்றும் இருக்கின்றன. டெர்மினலைச் சோதிக்க இதைவிடக் கச்சிதமான ஊர்ப்பெயர் எனக்குத் தெரிந்து தூத்துக்குடி மாவட்டத்தில் இல்லை. இரண்டாவது காரணம், ஊரைச் சுற்றி நிற்கும் காற்றாலைகள். அதற்குப் பிறகு வருவோம்.

கமாண்ட் லைன் ஜன்னல், கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, எல்லாக் கட்டமும் ஒரே அகலம். ஒரு வரிக்கு எத்தனை கட்டம் என்பதை யாரும் கணினிக்காக யோசித்து வைக்கவில்லை. 1928இல் ஐபிஎம் நிறுவனம் தன் துளை அட்டையில் 80 நெடுவரிசை வைத்தது. பின்னால் வந்த திரைகளில் அந்த 80 ஒட்டிக்கொண்டது. 1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘விடி100’ டெர்மினலில் வரிக்கு 80 எழுத்து, 24 வரி. இன்று லினக்ஸில் பல டெர்மினல் நிரல்கள் முதல்முறை திறக்கும்போது அதே 80க்கு 24 அளவில்தான் திறக்கின்றன. ஐம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு கனமான கண்ணாடிக் குழாயின் அளவு அது. ஜன்னலின் மூலையைப் பிடித்து இழுத்தால் பெரிதாகும். அமைப்புப் பக்கத்தில் ஒரு தடவை மாற்றிவிட்டால் அடுத்த முறையும் பெரிதாகவே திறக்கும்.

அதற்கும் முந்தியது டெலிடைப். காகிதச் சுருளில் தட்டச்சு செய்தபடி தொலைவிலிருந்து கணினியோடு பேசும் இயந்திரம். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை எழுதத் தொடங்கியபோது உட்கார்ந்திருந்தது இந்த மாதிரி இயந்திரத்தின் முன்னால்தான். யூனிக்ஸின் கட்டளைகள் பலவும் இரண்டெழுத்து, மூன்றெழுத்தாகச் சுருங்கியதற்கு அந்த இயந்திரத்தின் வேகமும் ஒரு காரணம். ஒவ்வொரு எழுத்துக்கும் விசையை ஆழமாக அழுத்த வேண்டும். அது கடகடவென்று அச்சாகும்வரை காத்திருக்க வேண்டும். யார்தான் நீளமாக அடிப்பார்கள்?

தட்டச்சு இயந்திரத்திலும் இதே கட்டச் சிக்கல்தான். ஒரு விசையைத் தட்டினால் காகிதம் சுற்றிய உருளை ஒரு படி நகரும். எல்லா எழுத்துக்கும் ஒரே படி. ஆங்கிலத்துக்கு இது பெரிய தொல்லை இல்லை. தமிழுக்குப் புள்ளியை எங்கே வைப்பது? யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவில் வேலைபார்த்த இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது இதற்கு ஒரு வழி கண்டார்: நகரா விசை. அதைத் தட்டினால் குறி காகிதத்தில் விழும், உருளை மட்டும் நகராது. அடுத்து ‘க’வைத் தட்டினால் அதே இடத்தில் புள்ளிக்குக் கீழே க வந்து உட்காரும், க் கிடைத்துவிட்டது. ஊருக்கு ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த காலத்தில் தமிழில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள் விரலில் அந்தப் பழக்கம் இன்னும் இருக்கும்: புள்ளி முதலில், மெய் பிறகு. கணினியில் இது தலைகீழ். யூனிகோடில் மெய்யெழுத்தின் உடல் முதலில், புள்ளி அதன் பின்னால். ஆனாலும் டெர்மினல் செய்வது முத்தையா செய்ததைத்தான். புள்ளிக்கு அகலம் பூஜ்யம், கர்சர் நகராது.

இப்போது அந்த 24, 8, 7, 5 ஆகிய எண்களை வரிசையாகப் பார்க்கலாம்.

யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வந்தபோதே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அந்த அமைப்பில் ‘தா’ ஒரு குறி அல்ல. த ஒன்று, கால் ஒன்று. ‘று’ என்பது ற ஒன்று, உகரக் குறி ஒன்று. ‘த்’ என்பது த ஒன்று, புள்ளி ஒன்று. ஆக கயத்தாறு: க, ய, த, புள்ளி, த, கால், ற, உகரக் குறி. எட்டு. இந்த எட்டையும் வட்டில் எழுதும் முறைக்கு யூடிஎஃப்-8 என்று பெயர். 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில், மேசை விரிப்புக் காகிதத்தில், கென் தாம்ப்ஸன் இதை வரைந்தார். உடனிருந்தவர் ராப் பைக். ஆமாம், அதே தாம்ப்ஸன். யூனிக்ஸின் முதல் ஷெல்லை (நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் நிரல்) எழுதியவரே உலக மொழிகள் அந்த ஷெல்லுக்குள் நுழையும் வாசலையும் கட்டினார். அவர் முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். எட்டு மூன்று இருபத்து நாலு.

7 வருவது திரையில். எந்தக் குறிக்கு எத்தனை கட்டம் என்று முடிவுசெய்ய, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்க்கஸ் கூன் எழுதிய ஒரு சிறிய நிரலின் கணக்கைப் பல டெர்மினல்கள் பின்பற்றுகின்றன. மேலேயோ கீழேயோ ஒட்டிக்கொள்ளும் குறி என்று யூனிகோடு வகைப்படுத்தியிருந்தால் பூஜ்யம். பக்கத்தில் இடம்பிடிக்கும் குறி என்றால் ஒன்று. புள்ளி முதல் வகை. கால் இரண்டாம் வகை. உகரக் குறியும் இரண்டாம் வகை. எட்டில் புள்ளியைக் கழித்தால் ஏழு.

இந்த வகைப்பாட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இகரக் குறி (கி) இடம்பிடிக்கும் வகையில் சேர்ந்திருக்கிறது. ஈகாரக் குறி (கீ) மேலே ஒட்டும் வகையில். ஆகவே டெர்மினலில் ‘கி’ இரண்டு கட்டம், ‘கீ’ ஒரு கட்டம். குறிலுக்கு நெடிலைவிட இரண்டு மடங்கு இடம்! தொல்காப்பியர் மாத்திரைக் கணக்கைப் படித்தவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ.

ஷெல் போடும் கணக்கும் டெர்மினல் வரையும் படமும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். ‘று’ இரண்டு கட்டம் என்று ஷெல் நினைக்கிறது. எழுத்துருவோ ற, உகரம் இரண்டையும் சேர்த்து ஒரே வடிவமாக வரைகிறது. அது ஒன்றரைக் கட்டத்தில் முடிந்தால் அரைக் கட்டம் காலியாக நிற்கும். சில டெர்மினல்கள் வடிவங்களைச் சேர்க்காமலே வரையும். அப்போது ‘கெ’ என்று அடித்தால் கொம்பு க-வுக்கு முன்னால் போகாமல் பின்னால் தொங்கும். கேடிஇயின் ‘கான்சோல்’, பன்மொழிக்கென்றே எழுதப்பட்ட ‘எம்எல்டெர்ம்’ இரண்டும் இந்திய எழுத்துகளைச் சேர்த்து வரையத் தெரிந்தவை. வரைகலைச் சூழலே இல்லாத லினக்ஸின் வெற்றுத் திரையில் தமிழ் வராது, பெட்டிகள்தான் வரும். அங்கே எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்களுக்கு இடம் உண்டு. நம் 247 எழுத்தும் ஆங்கிலமும் எண்களும் சேர்ந்து அதற்குள் அடங்கிவிடும் என்பதைக் கவனியுங்கள். தடுப்பது இடப்பற்றாக்குறை இல்லை. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் இல்லாததுதான்.

அப்படித் தனி எண் கொடுத்த ஏற்பாடும் ஒன்று உண்டு. டேஸ்16 என்ற 16 பிட் குறியேற்றம். 2010இல், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த ஆண்டில், தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தபோது, மாற்றாக இதையும் ஏற்றது. அதில் கயத்தாறு ஐந்தே எண். மெய்க்கு ஒரு வரிசை, உயிருக்கு ஒரு நெடுவரிசை என்று அடுக்கியிருப்பதால், ஒரு கூட்டல் போட்டாலே மெய்யும் உயிரும் சேர்ந்த எழுத்து கிடைத்துவிடும். கமாண்ட் லைனுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த எண்கள் யூனிகோடில் யார் வேண்டுமானாலும் எதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விடப்பட்ட தனியார் பகுதியில் இருக்கின்றன. தேடுபொறியும் செல்போனும் அந்த எண்களைத் தமிழ் என்று அறியாது. டேஸ்16 வந்தபோது யூனிகோடு ரயில் புறப்பட்டு ரொம்ப நேரமாகியிருந்தது. ஆகவே எட்டையும் ஏழையும் வைத்துக்கொண்டுதான் குடித்தனம் நடத்த வேண்டும். அண்மைக் காலத்தில் சில டெர்மினல்கள், குறிகளைத் தனித்தனியே எண்ணாமல், வாசிப்பவர் எண்ணுவதுபோல எழுத்துக் கூட்டமாக எண்ணத் தொடங்கியிருக்கின்றன. அந்தக் கணக்கில் த், தா, று ஒவ்வொன்றும் ஒரே அலகு. கர்சர் நகர்வது இதில் ஒழுங்காகிவிடும். ‘ணௌ’வை ஒரு கட்டத்தில் எப்படி அடைப்பது என்பது மட்டும் வரைபவர் தலைவலியாகவே இருக்கும்.

ஜன்னலுக்கு வருவோம். விண்டோஸின் பழைய கமாண்ட் ப்ராம்ட்டில் தலைப்புப் பட்டையில் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் எழுத்துரு, ஜன்னல் அளவு, நிறம், மேலே சுருட்டிப் பார்க்கக்கூடிய வரிகளின் எண்ணிக்கை எல்லாம் மாற்றலாம். ‘கலர்’ என்ற கட்டளைக்குப் பின்னால் 0, ஏ என்று இரண்டு குறியீடு கொடுத்தால் கருப்பில் பச்சை எழுத்து. சினிமாவில் வரும் ஹேக்கர் ஆகிவிடலாம். 65001 என்ற எண்ணுக்குக் கோட் பேஜை மாற்றினால் யூடிஎஃப்-8 வரும். அப்படியும் தமிழ் பெட்டி பெட்டியாகத்தான் தெரியும், ஏனென்றால் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் வேறு எழுத்துருவில் தேடிப்பார்க்க அந்த ஜன்னலுக்குத் தெரியாது. இதில் மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2019இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்து 2020இல் முதல் பதிப்பாக வெளியிட்ட விண்டோஸ் டெர்மினலை நிறுவிக்கொள்ளுங்கள். அது ஆங்கிலத்துக்கு நீங்கள் சொன்ன எழுத்துருவையும் தமிழுக்கு கணினியில் இருக்கும் நிர்மலா போன்ற எழுத்துருவையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்.

லினக்ஸிலும் மேக்கிலும் நிறம் மாற்றுவது பட்டியலில் கிளிக் செய்கிற வேலை. ப்ராம்ட் மாற்றுவது சுவாரஸ்யமானது, ஏனென்றால் அங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். கர்சருக்கு முன்னால் வரும் வாசகத்தை ஷெல் ஒரு மாறியில் வைத்திருக்கிறது. அதில் ஊர், நேரம், அடைவின் பெயர், எதை வேண்டுமானாலும் எழுதலாம். சிவப்பாக வேண்டுமென்றால் எஸ்கேப் குறி, ஒரு சதுர அடைப்பு, 31 என்ற எண், பிறகு ஓர் எழுத்து என்று சேர்க்க வேண்டும். 1970களில் தரப்படுத்தப்பட்டு விடி100 பரப்பிய முறை இது. இந்தக் குறிகள் திரையில் தெரியாது, இடமும் பிடிக்காது. ஆனால் ஷெல்லுக்கு அது தெரிய வேண்டுமே! தெரியாவிட்டால் அவற்றையும் கட்டமாக எண்ணிவிடும். நீளமான கட்டளை ஒன்றை அடிக்கும்போது வரி தவறான இடத்தில் மடங்கி, அடித்ததன் மேலேயே எழுத்து ஏறும். பேஷ் ஷெல்லில் மருந்து, நிறக்குறிகளை \[ என்பதற்கும் \] என்பதற்கும் நடுவில் வைப்பது. இதற்குள் இருப்பதை எண்ணாதே என்று பொருள். தமிழில் ப்ராம்ட் வைத்தாலும் இதே கோளாறு வரலாம். ஷெல் ஏழு என்று எண்ணியதை டெர்மினல் ஐந்தாக வரைந்தால் இரண்டு கட்டம் தள்ளிப்போகும். அதனால் தமிழ்ப் பெயரை ப்ராம்ட்டின் முதல் வரியில் போட்டு, கட்டளை அடிக்கும் இடத்தை அடுத்த வரியில் வெறும் $ குறியோடு தொடங்குவது நல்லது. கோளாறு முதல் வரியோடு நின்றுவிடும்.

பின்னோக்கி அழிக்கும் விசையைப் பற்றி ஒரு வார்த்தை. ‘று’வை அழிக்க அதை இரண்டு தரம் தட்ட வேண்டியிருப்பது குறை இல்லை, வசதி, உகரத்தை மட்டும் நீக்கி ஊகாரம் போடலாம். பழைய கணினிகளில் ஒரு தட்டுக்கு ஒரு பைட் மட்டும் அழிந்து மீதி இரண்டும் குப்பையாக வரியில் கிடந்தன. டெர்மினல் வழி யூடிஎஃப்-8 வருகிறது என்று லினக்ஸ் உட்கருவிடம் சொல்லும் அமைப்பு 2004இல்தான் வந்தது.

இவ்வளவு மெனக்கெட்டு இந்தக் கருப்பு ஜன்னலை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? காற்றாலைக்குப் போவோம்.

தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நெருக்கிக்கொண்டு வந்து கயத்தாற்றுப் பக்கத்துச் சமவெளியில் விரிகிறது. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் தன் காற்றாலைச் சோதனை நிலையத்தை டென்மார்க்கின் டானிடா உதவியோடு இங்கே அமைத்ததற்கு இந்தக் காற்றுதான் காரணம். ஒரு காற்றாலை எந்த வேகத்துக்கு எவ்வளவு மின்சாரம் தரும் என்று அளப்பது இத்தகைய நிலையத்தின் வேலை. அதற்கான பன்னாட்டுத் தரநிலை பத்து நிமிட சராசரியை அலகாக வைத்திருக்கிறது. நாளுக்கு 144 வரி, வருஷத்துக்கு 52,560 வரி. இதை எக்செலில் திறக்கலாம். நொடிக்கு ஓர் அளவு என்று பதிவான மூலத் தரவு வேண்டுமென்றால் வருஷத்துக்கு 3,15,36,000 வரி. எக்செல் தாளில் இருப்பது 10,48,576 வரிசை. பன்னிரண்டு நாளில் தாள் நிரம்பிவிடும்.

மூலத் தரவு எதற்கு என்றால், காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. பாதி நேரம் நொடிக்கு 6 மீட்டர், பாதி நேரம் 10 மீட்டர் வீசுகிறது என்று வையுங்கள். சராசரி 8, அதன் மும்மடி 512. தனித்தனியே மும்மடி எடுத்தால் 216, 1000. இவற்றின் சராசரி 608. 512ஐவிட ஏறத்தாழ 19 சதவீதம் அதிகம். முதலில் சராசரி எடுத்து அப்புறம் மும்மடி எடுத்தவர் ஊரில் வீசும் காற்றின் ஆற்றலில் ஆறில் ஒரு பங்கைக் கிட்டத்தட்ட தொலைத்துவிட்டார்.

கமாண்ட் லைனில் இந்தக் கணக்குக்கு ஒரே வரி போதும். 1977இல் பெல் ஆய்வகத்தில் ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிஹன் மூவரும் எழுதிய ‘ஆக்’ என்ற கருவி கோப்பை முழுதாகத் திறப்பதில்லை. ஒரு வரியைப் படிக்கும், மூன்றாம் நெடுவரிசையை ($3 என்பது அதன் பெயர்) மும்முறை பெருக்கிக் கூட்டிக்கொள்ளும், அந்த வரியை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போகும். கடைசியில் வரிகளின் எண்ணிக்கையால் வகுக்கும். மூன்று கோடி வரியானாலும் நினைவகத்தில் எப்போதும் இருப்பது ஒரு வரியும் ஒரு கூட்டுத்தொகையும். பத்து வருஷப் பழைய மடிக்கணினியே இதற்குப் போதும். மே முதல் செப்டம்பர் வரை மட்டும் வேண்டுமென்றால், முன்னால் மாதத்தை வடிகட்டும் கட்டளையை வைத்து, நடுவே | என்ற பைப் குறி போட வேண்டும். ஒரு நிரலின் விடையை இன்னொரு நிரலின் வாயில் ஊட்டும் இந்த யோசனையை டக் மெக்கில்ராய் 1964இலேயே எழுதிவைத்திருந்தார். யூனிக்ஸில் அதைத் தாம்ப்ஸன் 1973இல் சேர்த்தார்.

இதே கருவிகள் தமிழுக்கும் வேலை செய்யும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னூல்களாகத் தந்திருக்கிறது. தேடிப் பழக அதைவிட நல்ல மைதானம் இல்லை. கட்டளைப் பெயர்களையும் தமிழாக்கிக்கொள்ளலாம். ஷெல்லின் ‘அலியாஸ்’ வசதியில் மூலக் கட்டளை ஒன்றுக்கு நீங்கள் வைக்கும் பெயர் தமிழில் இருக்கலாம்; கோப்பின் பெயரும் தமிழில் இருக்கலாம். மாறிகளின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பது பேஷின் பிடிவாதம். ‘கிரெப்’ கருவிக்கு ‘தேடு’ என்றும், வரிகளை எண்ணும் கட்டளைக்கு ‘எண்ணு’ என்றும் பெயர் வைத்துவிட்டால் இப்படி எழுதலாம்:

தேடு கயத்தாறு ஊர்கள் | எண்ணு

இது ‘கயத்தாற்றில்’ என்று எழுதிய வரிகளைத் தவறவிடும். இங்கே யூனிகோடின் குறிப் பிரிப்பு நமக்கு ஒரு கைங்கரியம் செய்கிறது. ‘கயத்தாற’ என்று தேடுங்கள். அப்படி ஒரு சொல் தமிழில் இல்லை. ஆனால் ‘று’விலும் ‘ற்’றிலும் முதல் குறி ற-தான் என்பதால் கயத்தாறு, கயத்தாற்றில், கயத்தாற்றுக்கு எல்லாமே அகப்படும். இதே குணம் இடைஞ்சலும் தரும்: ‘கய’ என்று தேடினால் கயிறும் சேர்ந்து வரும்.

இன்னொரு பொறி முத்துக்குப் பேர்போன பழைய துறைமுகத்தில் இருக்கிறது. ‘கொற்கை’யின் முதல் எழுத்தை இரண்டு விதமாகப் பதியலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகப் போட்டால் சொல் ஆறு குறி, 18 பைட். கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று பிரித்துப் போட்டால் ஏழு குறி, 21 பைட். திரையில் ஒரே கொற்கை. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. பல கைகள் தட்டச்சு செய்த கோப்பு என்றால், தேடுவதற்கு முன்னால் யூனிகோடின் இயல்பாக்கம் என்ற சலவைக்குப் போட்டெடுங்கள். ‘யூகான்வ்’ என்ற கருவி அதைச் செய்யும். எழுத்தை எழுத்தாகவே எண்ண வேண்டும் என்பவர்களுக்கு, ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முன்னெடுத்த ‘ஓப்பன்-தமிழ்’ நிரலகம் இருக்கிறது. அதனிடம் கயத்தாற்றைக் கொடுத்தால் ஐந்து என்று சொல்லும்.

தமிழ் அலியாஸ் அடிக்கும்போது விசைப்பலகை ஒரு குறும்பு செய்யும். தமிழ்99 அமைப்பில் / இருக்கும் விசையில் ழ உட்கார்ந்திருக்கிறது. மேற்கோள் குறியின் இடத்தில் ய. அரைப்புள்ளியின் இடத்தில் ந. அடைவுகளின் பெயரைப் பிரிப்பது / குறிதான். ஆகவே வேறு அடைவிலிருக்கும் கோப்பைச் சொல்ல நினைத்தால் பாதை நெடுக ழகரமாக விழும். வேலை நடக்கும் அடைவுக்குள் முதலிலேயே போய்விட்டு அங்கிருந்து தமிழில் அடிப்பது உத்தமம். அலியாஸ் நீங்கள் அடிக்கும் ஜன்னலில்தான் செல்லும். கட்டளைகளைக் கோப்பில் எழுதி ஓட்டும்போது பேஷ் அதைக் கண்டுகொள்ளாது. அங்கே அதே பெயரில் ஃபங்ஷன் எழுதிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக வரிசைப்படுத்துவது. தூத்துக்குடி மாவட்டத்தின் பத்து வட்டங்களை ‘சார்ட்’ கட்டளையிடம் கொடுத்துப் பாருங்கள். எட்டயபுரம், ஏரல், ஒட்டப்பிடாரம், கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தான்குளம், திருச்செந்தூர், தூத்துக்குடி, விளாத்திகுளம், ஸ்ரீவைகுண்டம் என்று ஒழுங்காக வரும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. மருதூர், மன்னார் இரண்டையும் கொடுங்கள். கணினியின் லொகேல் அமைப்பு (எந்த மொழி, எந்த வட்டார வழக்கு என்று சொல்வது) ‘சி’ என்று இருந்தால் மன்னார் முதலில், மருதூர் பிறகு. நம் அகராதியில் ன கடைசி எழுத்து. ர அதற்கு வெகு முன்னால். யூனிகோடு எண்களிலோ ந-வுக்கு அடுத்ததே ன, ர-வுக்கு அடுத்ததே ற. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக தேவநாகரி வரிசையை ஒட்டி 1980களில் வகுத்த இஸ்கி என்ற குறியேற்றத்தின் அடுக்கை யூனிகோடு அப்படியே எடுத்துக்கொண்டதன் விளைவு இது. வட்டங்களின் பட்டியல் தப்பித்ததற்குக் காரணம், ன, ற, ழ, ள நாலும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராததுதான்.

லொகேலைத் தமிழ்-இந்தியா என்று மாற்றினால் மருதூர் முன்னால் வந்துவிடும். அதற்காக எப்போதுமே அப்படி வைத்திருக்கவும் தேவையில்லை: ‘சி’ அமைப்பில் பைட்டைப் பைட்டோடு ஒப்பிட்டால் போதும் என்பதால், காற்றுத் தரவு போன்ற எண் கோப்புகளை வரிசைப்படுத்துவதும் தேடுவதும் வேகமாக முடியும். ‘அகரவரிசை’ என்று ஓர் அலியாஸ் செய்து, அதற்குள் சார்ட் கட்டளைக்கு முன்னால் லொகேல் மாற்றத்தை ஒட்டிவிடுங்கள். ஷெல்லில் ஒரு கட்டளைக்கு முன்னால் எழுதிய மாறி அந்தக் கட்டளை முடிந்ததும் போய்விடும். ஜன்னலின் மற்ற அமைப்பு எதையும் அது தொடாது.